ஐஸ்கிரீம் உருகியது... இன்ஜின் பிறந்தது!

ஆழ்வார்பேட்டையில் இருந்து லஸ் முனைக்கு வந்து, கச்சேரி சாலையில் நேராகப் போனால் சாந்தோம் வந்துவிடும். அங்கிருந்து கடலோரமாக வடக்கே நடந்தால் நொச்சிக்குப்பம். பள்ளி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பின், வாரத்தில் இரண்டு நாளாவது விடியற்காலையில் அந்தப் பக்கம் நடக்கப் போவது என் வழக்கம்.

ஒருநாள், ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு படகைத் தண்ணீருக்குள் தள்ளிக் கொண்டிருந்தனர். பின்பக்கம் மாட்டியிருந்த இன்ஜினின் கயிற்றை ஒரு இளைஞர் இழுத்தார். இன்ஜின் உறுமியது, நின்றது. மறுபடி இழுத்தார். மறுபடியும் உறுமியது, நின்றது. அதற்குள் ஒரு பெரிய அலை வந்து, படகைப் பக்கவாட்டில் திருப்பப் பார்த்தது. கரையில் நின்ற பெண்கள் சத்தம் போட ஆரம்பித்து விட்டனர்.

படகில் வயதான மீனவர் ஒருவர் இருந்தார். அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. குனிந்து, பெட்ரோல் டாங்க் மூடியின் மேல் இருந்த சின்னத் திருகைத் தளர்த்தினார். டாங்கில் இருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயின் நடுவே முட்டை மாதிரி ஒரு ரப்பர் குமிழ் இருந்தது. அதை நாலைந்து முறை அழுத்தினார். அப்புறம் ஒரே இழுப்பு! இன்ஜின் பிடித்துக் கொண்டது. படகு அலையைத் தாண்டிப் போய்விட்டது.

அவர் என்ன மந்திரம் செய்தார் என்று உங்களுக்குத் தெரிகிறதா? எண்ணெய் டின்னைத் திறக்கும்போது கடைக்காரர் எத்தனை ஓட்டை போடுவார் என்று பார்த்திருக்கிறீர்களா? இரண்டு! ஒன்று எண்ணெய் வெளியே வர. இன்னொன்று காற்று உள்ளே போக. ஒரே ஓட்டை போட்டால், எண்ணெய் குபுக் குபுக் என்று கொஞ்சம் வந்து நின்று விடும். பெட்ரோல் டாங்கும் அப்படித்தான். மூடியில் உள்ள திருகு, காற்று போகும் வழி. அதைத் திறக்க மறந்தால், டாங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் இன்ஜினுக்கு ஒரு சொட்டும் போகாது.

படகின் பின்னால் மாட்டி, வேண்டும்போது கழற்றி எடுத்துப் போகும் இந்த வகை இன்ஜினுக்கு, 'அவுட்போர்டு மோட்டார்' என்று பெயர். அதை ஊர் உலகமெல்லாம் பரவச் செய்தவரின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் ஓலே எவின்ரூட்.

ஐரோப்பாவின் வடக்குக் கோடியில் இருக்கும் நார்வே நாட்டில், 1877ம் ஆண்டு ஏப்ரல் 19ம் தேதி பிறந்தார் ஓலே. விவசாயக் குடும்பம். ஓலேவுக்கு ஐந்து வயதானபோது, 1882ல், குடும்பம் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. அந்தப் பயணத்தில் குழந்தையைக் காணோம், காணோம் என்று அடிக்கடி தேட வேண்டி வந்ததாம். ஒவ்வொரு முறையும் கப்பலின் இன்ஜின் அறையில்தான் கண்டுபிடிப்பார்களாம்!

அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் என்ற சிற்றூருக்கு அருகில் ரிப்லி ஏரி இருக்கிறது. அதன் பக்கத்தில் நிலம் வாங்கிக் குடியேறினர். அப்பாவுக்கு, மகன் ஏர் பிடிக்க வேண்டும் என்று ஆசை. மகனுக்கோ தண்ணீர் மேல் ஆசை. அவன் பள்ளிப் படிப்பும் சில வகுப்புகளோடு நின்று விட்டது.

பதினைந்து வயது வாக்கில், விறகுக் கொட்டகையில் ஒளித்து வைத்து, பாய்மரப் படகு ஒன்றைச் செய்யத் தொடங்கினான் ஓலே. அப்பா பார்த்து விட்டார். வயல் வேலையை விட்டுவிட்டு இதென்ன வேலை என்று கோபம் வந்து, பலகைகளை அடுப்பில் போட்டு எரித்து விட்டாராம்! பையன் அழுதானோ இல்லையோ, மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தான். இரண்டாவது படகு ஏரியில் அழகாக மிதந்தது. ஏரிக்கு உல்லாசமாக வந்தவர்கள் காசு கொடுத்து அதில் ஏறிச் சுற்றினர். அதைப் பார்த்த அப்பாவின் மனம் மாறியது. பையனுக்கு ஏர் சரிப்படாது என்று புரிந்து, நகரத்துக்கு வேலைக்குப் போக அனுமதித்தார்.

மேடிசன் நகரில், விவசாயக் கருவிகள் செய்யும் பட்டறையில் வேலை கிடைத்தது. பகலில் வேலை, இரவில் புத்தகம். கணக்கும் பொறியியலும் சொல்லித் தர யாரும் இல்லை, தானே படித்தார். பிறகு பிட்ஸ்பர்க், சிகாகோ என்று ஊர் ஊராகப் போய், இரும்பு ஆலைகளில் உழைத்தார். கடைசியில் மில்வாக்கி நகருக்கு வந்து, இரும்பு வார்ப்பதற்கு மரத்தில் அச்சு செய்யும் வேலையில் அமர்ந்தார். இது லேசான வேலை அல்ல. மர அச்சு நூலளவு பிசகினாலும், வார்த்து எடுக்கும் இரும்பு பொருந்தாது. கையும் கண்ணும் அங்கேதான் அவருக்குப் பழகின.

அப்போதுதான் பெட்ரோல் இன்ஜின்கள் உலகில் தலைகாட்டின. ஓலேவுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. நண்பர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து, இன்ஜின் செய்யும் சிறு பட்டறை வைத்தார். பக்கத்தில் வசித்த பெஸ் கேரி என்ற பெண், வணிகப் படிப்பு படித்தவர். பட்டறையின் கணக்கு வழக்குகளையும் கடிதங்களையும் கவனித்துக் கொண்டார். ஓலேவுக்கு இன்ஜின் தெரியும், வியாபாரம் தெரியாது. பெஸ்ஸுக்கு வியாபாரம் தெரியும். நல்ல ஜோடி! 1906ல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

திருமணத்துக்கு முந்தைய கோடையில் ஒருநாள், நண்பர்களோடு ஒகாச்சி ஏரிக்குச் சுற்றுலா போயிருந்தனர். நல்ல வெயில். ஐஸ்கிரீம் சாப்பிட்டால் நன்றாக இருக்கும் என்று பெஸ் சொல்ல, ஓலே துடுப்புப் படகில் ஏறிக் கிளம்பினார். கடை ஏரியின் அக்கரையில், ஏறக்குறைய 4 கி.மீ., தூரத்தில் இருந்தது. நல்ல பலசாலிதான் அவர். ஆனாலும், எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டுத் திரும்பி வருவதற்குள் ஐஸ்கிரீம் பாலாக உருகி விட்டது!

கரையில் இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஓலேவோ, படகைத் தள்ளும் சின்ன இன்ஜின் ஒன்று இருந்தால் என்ன என்று யோசித்துக் கொண்டே வீடு திரும்பினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பல புத்தகங்களில், படகு மோட்டாரை முதன்முதலில் கண்டுபிடித்தவர் எவின்ரூட்தான் என்று எழுதியிருக்கும். அது சரியல்ல. அவருக்குக் கொஞ்சம் முன்பே, 1906 வாக்கில், வாட்டர்மேன் என்ற அமெரிக்கர் அப்படி ஒரு மோட்டாரை விற்கத் தொடங்கி விட்டார். ஆனால், உறுதியாக உழைக்கும் மோட்டாரைச் செய்து, சாதாரண மக்கள் நம்பி வாங்கும்படி செய்தவர் எவின்ரூட். தேர்வில் கேட்டால் சரியாக எழுதுங்கள்!

ஓலே செய்த முதல் மாதிரியை வீட்டுச் சமையலறைக்குக் கொண்டு வந்தபோது, அது காபிக்கொட்டை அரைக்கும் மிஷின் மாதிரி இருக்கிறது என்று பெஸ் கேலி செய்தாராம். அவர் சொன்னதும் பொய்யில்லை. சிலிண்டர் படுத்த நிலையில் இருந்தது. மேலே ஒரு கனமான சக்கரம். அதில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைப் பிடித்துச் சக்கரத்தை வேகமாகச் சுற்றி விட்டால், இன்ஜின் ஓடத் தொடங்கும். சட்டென்று கையை எடுக்காவிட்டால், விரல் முட்டியைப் பதம் பார்த்து விடும்! சக்கரத்தில் இருந்து ஒரு தண்டு நேராகத் தண்ணீருக்குள் இறங்கி, பல் சக்கரங்கள் மூலம் விசிறியைச் சுற்றியது.

1909ல் அதைச் செம்மைப்படுத்தி, நண்பர் ஒருவருக்கு இரவல் கொடுத்தார். ஏரிக்குப் போய்த் திரும்பிய நண்பர், பத்து பேர் ஆர்டர் கொடுத்ததாகச் சொல்லி, கையில் பணத்தையும் கொண்டு வந்தார். மோட்டாரின் சக்தி ஒன்றரை குதிரைத் திறன். எடை 62 பவுண்டு, அதாவது 28 கிலோ. விலை 62 டாலர். துடுப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மோட்டாரை வாங்குங்கள் என்ற பொருளில், பெஸ் ஒரு விளம்பரம் எழுதினார். கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. 1911ல் காப்புரிமையும் கிடைத்தது. கிறிஸ் மேயர் என்பவர் முதல் போட்டுப் பங்குதாரராகச் சேர்ந்தார். ஓலே பிறந்த நார்வே பக்கத்து மீனவர்கள் கூட இந்த மோட்டாரை வாங்கினர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஏரியில் உல்லாசமாகப் போகிறவருக்கு இன்ஜின் நின்றால் சிரிப்பு. கடலில் போகிற மீனவருக்கு நின்றால்..? காற்றும் நீரோட்டமும் எங்கே இழுத்துப் போகும் என்று சொல்ல முடியாது. பாறை மேல் மோதலாம். கரையோர அலையில் கவிழலாம். ஆகவே இன்ஜினுக்கு எத்தனை சக்தி என்பதை விட, அது நிற்காமல் ஓடுமா என்பதே மீனவருக்குப் பெரிய கேள்வி. நிற்காமல் ஓட என்ன வேண்டும்? சுத்தமான பெட்ரோல், சரியான அளவில், இடைவிடாமல் வந்து கொண்டே இருக்க வேண்டும்.

எவின்ரூட்டின் மோட்டாரில், பெட்ரோல் டாங்க் மோட்டாரோடு சேர்ந்தே இருந்தது. மேலே டாங்க், கீழே கார்புரேட்டர். மொட்டை மாடித் தொட்டியில் இருந்து குழாய்க்குத் தண்ணீர் இறங்குகிறதே, அதே மாதிரி பெட்ரோல் தானாக இறங்கும். பம்ப் எதுவும் கிடையாது. எளிமையான ஏற்பாடு; கெட்டுப் போகவும் அதிகம் இல்லை. ஆனால், டாங்க் சின்னது. அடிக்கடி நிரப்ப வேண்டும். ஆடுகிற படகில், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் ஊற்றுவது எவ்வளவு ஆபத்து!

இன்னொரு தொல்லையும் இருந்தது. இந்த வகை இன்ஜினுக்குத் தனியாக எண்ணெய் ஊற்றும் இடம் கிடையாது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலக்க வேண்டும். கலவை உள்ளே போகும்போது, அந்த எண்ணெய்தான் பாகங்களைத் தேயாமல் காக்கும். அந்தக் காலத்து எண்ணெயை நன்றாகக் குலுக்கிக் கலக்காவிட்டால், அடியில் தங்கி விடும். எண்ணெய் குறைந்தால் இன்ஜின் இறுகிப் போகும். கூடினால் புகை கக்கி, தீப்பொறி உண்டாக்கும் 'ப்ளக்' கரி பிடித்து விடும். இப்போதைய எண்ணெய், 50 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் கலந்தாலே பெரும்பாலான இன்ஜின்களுக்குப் போதும். அந்த நாளில் அதைப் போலப் பல மடங்கு ஊற்றினர்.

அத்துடன் ஒற்றை சிலிண்டர் என்பதால் மோட்டார் கடகடவென்று அதிரும். அதிர்ச்சியில் படகே நடுங்கும், திருகுகள் தளரும்.

இதையெல்லாம் சரி செய்ய வேண்டும் என்று ஓலே நினைத்திருந்த நேரத்தில், குடும்பத்தில் சோதனை வந்தது. இரவு பகலாக உழைத்த பெஸ்ஸின் உடல்நிலை மோசமாகி விட்டது. கம்பெனியா, மனைவியா? ஓலே அதிகம் யோசிக்கவில்லை. 1913ம் ஆண்டு வாக்கில் கம்பெனியை விட்டு விலகி, தன் பங்கை மேயரிடமே விற்று விட்டார். ஐந்து ஆண்டுகளுக்குப் போட்டியாக மோட்டார் செய்வதில்லை என்றும் ஒப்பந்தம். மனைவியையும் மகன் ரால்ஃபையும் அழைத்துக் கொண்டு நாட்டைச் சுற்றினார். அவர் பெயர் பொறித்த மோட்டார்கள் கடைகளில் விற்றுக் கொண்டிருந்தன. அவருக்கோ அவற்றில் ஒரு திருகாணியைக் கூடத் தொட உரிமை இல்லை!

கை சும்மா இருந்தாலும் மூளை சும்மா இருக்குமா? ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் புது மோட்டாரின் அமைப்பு அவர் மனதில் உருவாகி விட்டது. இரும்புக்குப் பதில் பெரும்பகுதி அலுமினியம். ஒரு சிலிண்டருக்குப் பதில் எதிரெதிராக இரண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் இயங்குவதால், ஒன்றின் உதறலை இன்னொன்று அடக்கி விடும். எடை 48 பவுண்டு, அதாவது 22 கிலோதான். சக்தியோ 3 குதிரைத் திறன்! பழையதை விட எடை குறைவு. சக்தி இரு மடங்கு.

நேர்மையாகப் பழைய கூட்டாளி மேயரிடமே முதலில் கொண்டு போய்க் காட்டினார். மேயர் வேண்டாம் என்று சொல்லி விட்டார். பாவம், பின்னால் எத்தனை முறை வருந்தினாரோ! 1921ல் ஓலேயும் பெஸ்ஸும் 'எல்டோ' என்ற பெயரில் புதுக் கம்பெனி தொடங்கினர். எவின்ரூட்டின் எடை குறைந்த இரட்டை சிலிண்டர் மோட்டார் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. சில ஆண்டுகளில் எல்டோ, பழைய கம்பெனிக்கே கடும் போட்டியாகி விட்டது. 1929ல் எல்டோ, பழைய எவின்ரூட், லாக்வுட் ஆகிய மூன்று கம்பெனிகளும் இணைந்தன. தன் பெயர் தாங்கிய கம்பெனிக்கு, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், தலைவராகவே திரும்பி வந்தார் ஓலே.

அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் பெரிய பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. சாப்பாட்டுக்கே வழியில்லாதபோது படகு மோட்டாரை யார் வாங்குவார்கள்? கம்பெனியைத் தாக்குப்பிடிக்க வைக்க அவர் படாத பாடு பட்டார். 1933ல் பெஸ் இறந்தார். அந்தத் துயரம் ஓலேவை முறித்துப் போட்டது. அடுத்த ஆண்டு, 1934 ஜூலை 12ம் தேதி, 57ம் வயதில் அவரும் காலமானார்.

பொறுப்பு மகன் ரால்ஃபுக்கு வந்தது. 1936ல் ஜான்சன் என்ற இன்னொரு மோட்டார் கம்பெனியும் இவர்களோடு சேர்ந்தது. அந்த ஜான்சன் பெயரில் 1949ல் வந்த 10 குதிரைத் திறன் மோட்டாரில்தான், அப்பா காலத்துச் சின்ன டாங்க் தொல்லைக்கு விடை கிடைத்தது. டாங்கை மோட்டாரில் இருந்து பிரித்து, படகின் தரையில் வைத்து விட்டனர். நிறைய பெட்ரோல் கொள்ளும்; மோட்டாரின் மேல் சுமை இல்லை. ஆனால், டாங்க் கீழே, மோட்டார் மேலே! பெட்ரோல் தானாக மேலே ஏறுமா? அதற்காக இரண்டு குழாய்கள் வைத்தனர். ஒன்றின் வழியே இன்ஜின் டாங்குக்குள் காற்றை அழுத்தும். இன்னொன்றின் வழியே பெட்ரோல் மேலேறி வரும். டாங்க் மூடி சரியாக மூடாவிட்டால் காற்று கசிந்து, இன்ஜின் நின்று விடும். பின்பு, 1950களின் கடைசியில், இன்ஜினிலேயே சின்ன பம்ப் பொருத்தி, ஒரே குழாயாக ஆக்கினர். முதலில் குழாயை நிரப்பத்தான் அந்த ரப்பர் குமிழ்! அதற்குள், ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் வால்வுகள் இருக்கும். அழுத்தினால் பெட்ரோல் முன்னால்தான் போகும், பின்னால் வராது. நொச்சிக்குப்பத்துப் பெரியவர் அழுத்தியது இதைத்தான்.

நம் ஊர்க் கடலுக்கு மோட்டார் வந்த கதையில், ஆழ்வார்பேட்டைக்கும் ஒரு பங்கு உண்டு. பக்கத்து அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் சாலையில் 'வங்காள விரிகுடா திட்டம்' என்ற அமைப்பின் அலுவலகம் பல ஆண்டுகள் இயங்கியது. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 1979ல் தொடங்கிய திட்டம் அது. அலை அடிக்கும் நம் கரைக்கு ஏற்ற படகு எது, சிறு படகில் எரிபொருளை எப்படி மிச்சப்படுத்துவது என்றெல்லாம் அங்கே ஆராய்ந்தனர். சிறு மீன்பிடி படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986ல் அவர்கள் வெளியிட்ட புத்தகத்தை எழுதிய குல்பிராண்ட்சன், ஒரு படகு வடிவமைப்பாளர். அவரும் நார்வே நாட்டுக்காரர்தான்!

2004 டிசம்பரில் வந்த சுனாமிக்குப் பின், நம் கரையில் கட்டுமரங்கள் குறைந்து, பைபர் படகுகள் பெருகின. இன்ஜின் இல்லாத படகைப் பார்ப்பது அபூர்வமாகி விட்டது. சில இன்ஜின்கள் மண்ணெண்ணெயில் ஓடும். குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரைக்கு வந்து நிறுத்தும் முன் மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றி விடுவார்கள். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் கிளப்ப முடியாது.

எரிபொருளில் தண்ணீர் சேர்ந்தாலும் வம்புதான். கடலில் எந்தப் பக்கம் இருந்தும் தண்ணீர் தெறிக்கும். தண்ணீரை விட பெட்ரோல் லேசானது. அதனால் தண்ணீர் அடியில் தங்கும். குழாய் அடியில் இருந்துதானே உறிஞ்சுகிறது? கார்புரேட்டரில் ஊசிக்காது போன்ற துளையில் ஒரு சொட்டுத் தண்ணீர் அல்லது ஒரு துளி மணல் போனால், இன்ஜின் திக்கித் திணறும். அதற்காகக் குழாயில் வடிகட்டி வைத்திருப்பார்கள். அதன் அடியில் உள்ள கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்து, அவ்வப்போது கொட்டி விட வேண்டும்.

ஒரு கணக்கு கேட்கிறேன். டாங்கில் 30 லிட்டர் இருக்கிறது. எத்தனை லிட்டர் வரை செலவழித்துக் கடலுக்குள் போகலாம்? 15 என்று சொன்னவர்களுக்கு மதிப்பெண் இல்லை. விடை 10! போக 10, திரும்ப 10, மீதி 10 லிட்டர் காற்றுக்கும் அலைக்கும். திரும்பும்போது எதிர்க்காற்று அடித்தால், அந்தக் கடைசி 10தான் கரை சேர்க்கும். ஐஸ்கிரீம் வாங்கப் போன ஓலேவைத் திணற வைத்ததும் எதிர்க்காற்றுதானே!

எவின்ரூட் பெயரில் மோட்டார் செய்வது 2020ம் ஆண்டோடு நின்று விட்டது. இப்போது நம் கரைகளில் இருப்பவை வேறு கம்பெனிகளின் இன்ஜின்கள். அடுத்த முறை அப்பா, அம்மாவோடு கடற்கரைக்குப் போனால், கரையில் ஏற்றி வைத்த படகுகளை எட்டிப் பாருங்கள். பெட்ரோல் சாமான், அதனால் எதையும் தொடக் கூடாது. குழாயின் நடுவே ரப்பர் குமிழ் தெரியும். அதன் மேல் ஒரு அம்புக்குறி போட்டிருக்கும். அது எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்த்துக் கொண்டு வாருங்கள்.